பாதிக் கட்டில்

கட்டிலில் கை வைத்தேன். மெத்தை சூடாக இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. போர்வை மடித்தபடி இருந்தது, விரிப்பில் ஒரு சுருக்கம் கூடக் கிடையாது. தலையணைப் பக்கம் தடவிப் பார்த்தேன், அங்கே இன்னும் சூடு. முந்தின நாள் காலையில்தான் ஜொவெலினின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டு வந்திருந்தேன்.

எங்கள் மணிலாவில் அறையை வாடகைக்கு எடுப்பவன் பணக்காரன். என்னைப் போன்றவர்கள் கட்டிலைத்தான் எடுக்க முடியும். பூரிங்கம்மா வீட்டு அறையில் மேலே மூன்று, கீழே மூன்று என்று ஆறு கட்டில்கள். என் சம்பளம் ஒரு கட்டிலுக்குக் கூடக் கட்டுப்படியாகாது, அதனால் நானும் ஜொவெலினும் ஒன்றைப் பாதிப் பாதியாக எடுத்திருந்தோம். இரவு அவளுடையது, பகல் என்னுடையது. நான் கியாப்போவில் ஒரு ரொட்டிக்கடையில் இரவெல்லாம் மாவு பிசைந்துவிட்டு வரும்போது அவள் திவிசோரியா துணிக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். வாசலில் செருப்பு மாட்டுகிற நேரம்தான் எங்கள் பேச்சு. ஆனாலும் அவளை எனக்கு நன்றாகத் தெரியும். நான் படுக்கும்போது அவள் உடம்புச் சூடு மெத்தையில் இருக்கும், தலையணையில் தேங்காய் எண்ணெய் வாசம் இருக்கும். முதல் மாதம் அருவருப்பாக இருந்தது. பிறகு அந்தச் சூடு இல்லாவிட்டால் தூக்கம் வராது என்றாகிவிட்டது.

மழைக்காலத்தில் எஸ்பான்யா சாலையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அன்றைக்கு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களுக்குத்தான் பண்டிகை, வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள். ஒரு நாள் ஜொவெலின் அந்தச் சாக்கடைத் தண்ணீரிலேயே நடந்து வந்தாள்.

"அம்பது பெசோ கேக்குறான்க்கா. வண்டியையே வெலைக்குக் கேட்டேன்னு நெனச்சுட்டான் போல," என்று மறுநாள் வாசலில் சிரித்தாள். கணுக்காலில் சின்னதாக ஒரு கீறல் இருந்தது. அதை அவளும் பெரிதாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பிறகு காய்ச்சல் வந்து கண் மஞ்சளானது. எலிக்காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை. சாமார் தீவில் இருந்த அவள் அம்மாவால் பெட்டியை ஊருக்குக் கொண்டுபோகிற செலவை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. கடைக்காரப் பெண்கள் சேர்ந்து இங்கேயே புதைத்தார்கள்.

சாவுக்குப் போனவர்கள் நேரே வீடு திரும்பக் கூடாது. வழியில் எங்கேயாவது இறங்கி ஒரு காபியாவது குடித்துவிட்டு வர வேண்டும், செத்தவர் பின்னாலேயே வந்தாலும் அங்கேயே தங்கிவிடுவார். உதறிவிட்டு வருவது என்போம். பால்குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாமல் இல்லை. பாதி வழியில் இறங்கினால் ஜீப்னி வண்டிக்கு இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டும், காபி விலை வேறு. இரவெல்லாம் நின்ற கால் கெஞ்சியது. ஜொவெலினும் காசை எண்ணிச் செலவழிப்பவள்தானே, புரிந்துகொள்வாள் என்று நேரே வந்து படுத்துவிட்டேன்.

அவளும் வந்துவிட்டாள். இரவு அவள் முறை, படுத்திருக்கிறாள். விடிந்ததும் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள். அன்றைக்குத் தரையில் படுத்தேன்.

பூரிங்கம்மாவுக்கு வேறு கவலை. "ஞாயித்துக்கெழமைக்குள்ள மறுபாதிக்கு ஆள் புடி. இல்லன்னா காலி பண்ணு. நர்ஸுக்குப் படிக்கிற பொண்ணு ஒண்ணு முழுக் கட்டிலும் வேணும்னு தவங்கெடக்குது," என்றார். இந்தக் கட்டில் போனால் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் எனக்கு வேறு இடமில்லை. நகரத்துக்கு வெளியே போய்விட்டால் சம்பளத்தில் பாதி வண்டிக்கே போய்விடும், அப்புறம் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெண் பார்க்க வந்தாள். கட்டிலில் உட்கார்ந்தவள் உடனே எழுந்துவிட்டாள்.

"இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போனாங்களா?"

"இல்லையே. நானே இப்பத்தான் வரேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

"ராத்திரியில எவளையாவது திருட்டுத்தனமாத் தங்க வெக்கிறியா நெனிதா?" என்று பூரிங்கம்மா சண்டைக்கு வந்தார். நான் அவர் கையைப் பிடித்து மெத்தையில் வைத்தேன். சுட்டதுபோல் இழுத்துக்கொண்டு நெற்றியில் சிலுவை போட்டார்.

"உதறிட்டு வந்தியா இல்லியா?"

"ஜீப்னிக்கு ரெண்டு தடவ காசு, காபி வெலை வேற..." என்று இழுத்தேன்.

"ஒரு காபிக்குக் கணக்குப் பாத்தியாடி பாவி! போ, கூட்டிட்டுப் போய் எங்கயாவது விட்டுட்டு வா. செத்தவகிட்ட வாடகையா கேக்க முடியும்?"

சனிக்கிழமை வேலையிலிருந்து வந்து நான் செருப்பைக் கழற்றவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "ஜொவெலின், கெளம்பு. நேரமாச்சு," என்றேன். பைத்தியக்காரத்தனமாக இருந்தது. மேல் கட்டில்காரி போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டாள்.

ஜீப்னியில் எதிரெதிர் பெஞ்சுகளில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். "ரெண்டு பேருக்கு," என்று சொல்லிச் சில்லறையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தேன், அது கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போனது. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஓர் ஆள் என் இடப்பக்க இடைவெளியைப் பார்த்து உட்காரக் குனிந்தான்.

"அங்க ஆளிருக்குல்ல? கண்ணு தெரியல?" என்று எதிர்ப் பெஞ்சிலிருந்த கூடைக்காரி அவனை அதட்டினாள். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். அதன்பிறகு இறங்கும்வரை நான் இடப்பக்கம் திரும்பவே இல்லை.

டோனட் கடையில் இரண்டு காபி வாங்கினேன். இந்த மாதிரிக் கடைக்குள் ஜொவெலின் உட்கார்ந்ததே கிடையாது. வெயில் நாட்களில் கதவருகே நின்று, யாராவது திறக்கும்போது வருகிற ஏசிக் காற்றை வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாள். எதிர் நாற்காலியைப் பார்க்காமல், "இங்க குளுகுளுன்னு இருக்கு. உக்காந்திரு. ஒருத்தரும் வெரட்ட மாட்டாங்க," என்றேன். பூனைக்குட்டியைச் சாக்கில் போட்டுச் சந்தையில் விட்டுவிட்டு வருவார்களே, அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வீடு என்று இந்த நகரத்தில் அவளுக்கு இருந்ததே அந்தப் பாதிக் கட்டில்தான். அவள் வேறு எங்கே போவாள்? வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுந்தேன், திரும்பிப் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீடு திரும்பியபோது கட்டில் ஜில்லென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளாரிதா என்ற பெண் வந்து அதில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தாள். "நல்லாத்தான்க்கா இருக்கு. இன்னிக்கு ராத்திரியே வந்துடுறேன்," என்று அங்கேயே முன்பணம் கொடுத்தாள். பூரிங்கம்மா எனக்கு ஒரு தட்டு நூடுல்ஸ் கொடுத்தார். கட்டில் பிழைத்தது, நானும் பிழைத்தேன். மத்தியானம் பொட்டுத் தூக்கம்கூட வரவில்லை.

மறுநாள் காலை வேலை முடிந்து வரும்போது கால்வலி தாங்காமல், நடக்கிற தூரத்துக்கு ஜீப்னியில் ஏறினேன். ஓட்டுநருக்கு நேர் பின்னால்தான் இடம் கிடைத்தது. அங்கே உட்கார்ந்தால் எல்லார் காசையும் வாங்கிக் கொடுக்கிற வேலை நம் தலையில் விழும். டோனட் கடைக்கு முன்னால் வண்டி நின்று கிளம்பியது. யாரும் ஏறியதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து சில்லறை கைமாறி வந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

காசு சூடாக இருந்தது.

"எங்க எறங்கணும்?" என்று ஓட்டுநர் கேட்டார். கேள்வி வாய்வாயாகப் பின்னால் போனது, பதில் அதே வழியாக முன்னால் வந்தது. "லாவோன் லான் முனையாம்." என் நிறுத்தம்.

"யாரு குடுத்தது?" என்றேன். கடைசியில் வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பெண் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள், பிறகு வெளியே பார்த்தாள். "இங்கதான் குடுத்தாங்க," என்றாள்.

ஐம்பது பெசோவுக்காகச் சாக்கடையில் நடந்தவள், இப்போது காசு கொடுத்து வீட்டுக்கு வருகிறாள். அங்கே கிளாரிதா இந்நேரம் புரண்டு படுத்திருப்பாள். கையை மூடிக்கொண்டேன். நான் கொடுக்காவிட்டால் அவளை இறக்கிவிட்டுவிடுவார்கள். ஓட்டுநர் சாலையைப் பார்த்தபடியே தோளுக்குப் பின்னால் கையை நீட்டி விரலை ஆட்டினார்.

"குடுங்கம்மா, எவ்வளவு நேரம்?"

அந்தக் கையில் காசை வைத்தேன். பிறகு கால்களை ஒடுக்கிக்கொண்டு, இடமே இல்லாத அந்தப் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.