சுற்றாத தட்டு

படுக்கையை விட்டு எழுந்து வர ரோவினாவுக்குச் சாக்குக்குப் பஞ்சமே இல்லை. ஐந்து வயசுதான், வாய் மட்டும் ஐம்பது.

"அம்மா, தாகமா இருக்கு."

"இப்பத்தானே குடிச்ச?"

"அது அப்ப."

கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கு வரும். அப்புறம் கொசுவலைக்குள் பல்லி. பல்லியை விரட்டினால், வாசலில் நாய் அழுகிறதாம். அந்த வீட்டில் நாயே கிடையாது. அவள் அம்மா, என் தம்பி பொண்டாட்டி நெலியா, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் என் தம்பி போனிக்கு நாற்பதாம் நாள் ஜெபம். அதற்காகத்தான் நானும் பக்கத்துத் தீவிலிருந்து வந்திருந்தேன். கடலில் போய் உடலே கிடைக்காதவனுக்கு என்ன நாற்பதாம் நாள் என்று பாதிரியாரிடமே கேட்டுவிட்டேன். தேடப் போன படகுகள் எப்போதோ திரும்பிவிட்டன.

மறுபடியும் தாகம் என்று எழுந்தவளை, இன்று இரண்டு வைத்தே தீருவது என்று பின்னாலேயே போனேன். பானைப் பக்கமே போகவில்லை அவள். அடுக்கிலிருந்து தன் தட்டை எடுத்து மேசையில் வைத்து, இரண்டு கையாலும் மெதுவாகச் சுற்றினாள்.

ஓங்கிய கையை இறக்கிவிட்டேன். சாப்பாட்டு நடுவில் ஒருவர் எழுந்து பயணம் போனால், உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் தட்டைச் சுற்றிவிட வேண்டும். போகிறவருக்கு வழியில் ஆபத்து வராது. எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

"என்னடி பண்ற?"

"அன்னைக்கு அப்பா பாதிச் சாப்பாட்டுல போனாங்கல்ல அத்தை. எல்லாரும் சுத்தினாங்க. நான் மட்டும் சுத்தல."

"இப்பச் சுத்தினா?"

"தெரியல. லேட்டாச்சுன்னா நெறைய தடவ சுத்தணுமோ என்னமோ."

கதவருகே நெலியா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

"தட்டு நிறையக் குழம்பு இருந்துச்சுக்கா" என்றாள் என்னிடம். "கொட்டிடும்னு நான்தான் அவ கையப் பிடிச்சேன்."

பாழாய்ப்போன குழம்பு. அன்றைக்கு அடித்த காற்றில் ஊரே தட்டைச் சுற்றியிருந்தாலும் போனியின் படகு தாங்கியிருக்காது. அதைச் சொன்னேன். இருவர் காதிலும் ஏறவில்லை.

நெலியா மகள் முன்னால் மண்டியிட்டாள். "அப்பா வரமாட்டாங்கடா கண்ணு. எத்தன தடவ சுத்தினாலும் வரமாட்டாங்க. வந்து படு."

ரோவினா தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சரி. தண்ணி மட்டும் குடிச்சிட்டு வரேன்."

நான்தான் மொண்டு கொடுத்தேன். துளித் தாகமும் இல்லாத பிள்ளை குவளை முழுவதையும் குடித்தாள். ஒரு கையில் குவளை, மறு கை தட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தது. நெலியா இந்த முறை அந்தக் கையைப் பிடிக்கவில்லை.