எண்ணெய் நெஞ்சும் பத்து ஒட்டுத்தாளும்

அறுபது தாண்டியவன் படகில் ஏற வேண்டுமானால் ஈ.சி.ஜி. என்கிற இதயத் துடிப்புப் படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்று படகுப் போட்டிக் குழு இந்த வருடம் புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. மாலாகிக்கு அறுபத்தாறு. வைமோனோ ஊரின் நெடும்படகுக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் சுக்கான் பிடிக்கிறார். படம் சரியில்லை என்றால் அந்த இடத்தில் அவர் மச்சினன் பேகா போய் நிற்பான். பேகா நல்லவன்தான். ஆனால் அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்கிற ஆள்.

திங்கட்கிழமை காலை மாலாகி ஆஸ்பத்திரிப் படியேறினார். எழுந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மின்சாரம் விடுவார்கள், வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று பேகா சொல்லியிருந்தான்.

உள்ளே நர்ஸைப் பார்த்ததும் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. லூபே. சாலெபுவாக்காரி. போன வருடம் சாலெபுவா படகு இவர்களிடம் ஒரு முழத்தில் தோற்றது. அதில் முதல் துடுப்புப் போடுபவன் இவள் அண்ணன். இவள் கையிலா என் நெஞ்சைக் கொடுப்பது என்று வாசலிலேயே நின்றார்.

"எவ்வளவு மின்சாரம் விடுவே?"

"ஒரு துளியும் விடமாட்டேன் பெரியவரே. உங்க நெஞ்சுலயே கொஞ்சம் ஓடுது. அதை இந்த மெஷின் எழுதிக்கும், அவ்வளவுதான்."

சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பேகா சொன்னதைச் சொன்னார். இதற்குப் பட்டினி எதற்கு என்று சிரித்தவள், தன் பையிலிருந்து அவித்த சேப்பங்கிழங்கை எடுத்துக் கொடுத்தாள். எதிராளி ஊர்க் கிழங்கு. முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.

சட்டையைக் கழற்றிப் படுக்கச் சொன்னாள். நெஞ்சு பளபளத்தது. வெறும் நெஞ்சோடு அடுத்தவர் முன்னால் போகிறவன் வறண்ட தோலோடு போனால் வீட்டுக்காரிக்குத்தான் கேவலம் என்று அவர் மனைவி ஃபியாசிலி பூ போட்ட தேங்காய் எண்ணெயைக் கழுத்து முதல் கணுக்கால் வரை தேய்த்து அனுப்பியிருந்தாள். நெஞ்சில் ஆறு, கைகால்களில் நாலு என்று லூபே ஒட்டிய வெள்ளைத் தாள்கள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு இறங்கின.

"பரிசோதனைக்கு வந்தீங்களா, நாட்டியத்துக்கு வந்தீங்களா?" என்று சோப்புத் துணியை எடுத்து வந்தாள். துடைத்து, காயவைத்து, நெஞ்சு முடியில் கொஞ்சத்தை மழித்து, மறுபடியும் ஒட்டினாள். ஒயர்களை மாட்டினாள்.

மெஷின் தாளைத் துப்பியது. கோடு முழுக்கக் கன்னாபின்னா என்று கிறுக்கல். போச்சு என்று மாலாகிக்குத் தோன்றியது. பேகா சுக்கானைப் பிடித்துக்கொண்டு இளிப்பது கண்முன் வந்தது.

லூபே அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். கட்டில் விளிம்பைத் துடுப்பு மாதிரி நெரித்துக்கொண்டு படுத்தால் கைச் சதையின் நடுக்கம்தான் கோட்டில் கிறுக்கலாக வரும், விரலை விடுங்கள், பேசாதீர்கள், எப்போதும்போல மூச்சு விடுங்கள் என்றாள். அவர் விட்டார். நூறு எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலியும் இல்லை, சூடும் இல்லை. ஒட்டுத்தாளை உரித்தபோதுதான் கொஞ்சம் சுரீரென்றது.

இந்த முறை கோடு ஒரே சீராக வந்தது. பக்கத்து அறை டாக்டர் பார்த்தார். எங்கோ ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது, உங்களுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் தலை சுற்றினால் உடனே வாருங்கள் என்றார். சுக்கான் பிடிக்கலாம், துடுப்புப் போடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தாளை வாங்கிய பிறகும் மாலாகி போகவில்லை. லூபேயிடம் வந்து நின்றார்.

"முதல் தாளையே அனுப்பியிருக்கலாமே. உன் அண்ணன் ஜெயிச்சிருப்பான்."

"ஜெயிச்சிருப்பான். அப்புறம் வருஷம் பூரா, நான் மட்டும் படகுல இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்னு நீங்க ஊர் ஊரா பேசுவீங்க. அதை யார் கேக்குறது? உங்களைத் தண்ணியில வச்சுத்தான் தோக்கடிக்கணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். இது பொய்யாக இருக்க முடியாது. அவரும் இதையேதான் செய்திருப்பார்.

"அப்ப போட்டியன்னைக்குக் கரையில நில்லு. உன் அண்ணன் அழுதா கண்ணைத் துடைக்க ஆள் வேணும்."

அவள் ஏதோ பதில் சொன்னாள். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். பயிற்சிக்குப் படகைத் தண்ணீரில் தள்ள ஊரே கடற்கரையில் காத்திருந்தது.