மடித்த சீட்டு

எக்கார்ட் ஓட்டுச்சீட்டை வாங்கினான், மேசைமேலேயே இரண்டாக மடித்தான், நேரே பெட்டியைப் பார்த்து நடந்தான். முப்பது வருடப் பழக்கம், சும்மா விடுமா? அந்த ஊரில் ஓட்டு என்றால் அவ்வளவுதான். கட்சி அச்சடித்துத் தந்த பெயர்களை மடித்து உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைக் கறியைச் சாப்பிட வேண்டியது. மூலையில் திரை போட்ட மறைப்பு ஒன்று எப்போதும் இருக்கும். அதற்குள் போகிறவர் கட்சிக்கு ஆகாதவர் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் போவதில்லை.

போன மே மாதத் தேர்தலில் அவன் மனைவி ஹைட்ரூன் அதற்குள் போனாள். அத்தனை பெயரையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு வெளியே வந்தாள். கோடை முடிவதற்குள் ஆசிரியை வேலை போயிற்று. நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்களின் உடுப்பு வெளுக்கும் சலவைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று எக்கார்ட் கேட்டதைத்தான் இன்றுவரை அவளால் மறக்க முடியவில்லை.

பிறகு நாட்டை இரண்டாகப் பிரித்திருந்த சுவர் விழுந்தது, கட்சி பெயரை மாற்றிக்கொண்டது, மார்ச்சில் தேர்தல் வந்தது. இப்போது சீட்டில் கட்சிகள் வரிசையாக நின்றன. பிடித்ததற்கு நேரே பென்சிலால் குறி போட வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் அதே பெஷ்கே. ஹைட்ரூனை வேலையிலிருந்து தூக்கிய தலைமையாசிரியர், கோட்டிலிருந்த கட்சிச் சின்னத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்த முகமாக நின்றார். எக்கார்ட் குறியே போடவில்லை என்பதை அவர் பார்த்தார். பார்த்தும் "வாங்க, வாங்க" என்று வழிவிட்டார்.

வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற ஹைட்ரூன் அதைப் பார்த்தாள். முன்னால் போய்ப் பெட்டியின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

"அதுல நீ ஒண்ணுமே போடல, எக்கார்ட்."

"விடேன், எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். போன தடவ என்னையும்தான் பாத்தாங்க."

பெஷ்கே தொண்டையைச் செருமினார். "வரிசை நிக்குது, டீச்சரம்மா. வெறும் சீட்டப் போடுறது அவரு இஷ்டம். கைய எடுங்க."

"டீச்சர் வேலையத்தான் பிடுங்கிட்டீங்களே சார். அவரு இஷ்டம் என்னன்னு இதுவரைக்கும் யாரு கேட்டா? இன்னைக்கு நான் கேக்குறேன்." புருஷன் பக்கம் திரும்பினாள். "உள்ள போ. யாருக்கு வேணாலும் போடு, இவரு கட்சிக்கே போட்டாலும் போடு. ஆனா உள்ள போய்ப் போடு."

எக்கார்ட்டின் காது சிவந்தது. சீட்டைப் பிரித்தான். பலகைத்தரை கிறீச்சிட, அத்தனை பேர் கண்ணும் முதுகில் மொய்க்க, மறைப்புக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டான்.

நேரம் ஆயிற்று. போலீசைக் கூப்பிடுவேன் என்று பெஷ்கே தணிந்த குரலில் சொன்னார். தாராளமாகக் கூப்பிடுங்கள் என்றாள். திரைக்குக் கீழே எக்கார்ட்டின் கறுப்பு ஷூக்கள் வெகுநேரம் வெளியே பார்த்தபடியே இருந்தன. பிறகு ஒன்று, உள்ளே பென்சில் கிடந்த மேசைப் பக்கம் திரும்பியது. அதன் பின்னால் மற்றதும் மெல்லத் திரும்பியது. ஹைட்ரூன் கையை எடுக்கவில்லை.