மணல்மேட்டுப் பாதை

மீன் விற்கப் போன பெண்கள் இன்னும் திரும்பாத பிற்பகல் நேரம். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய அந்தக் குப்பத்து ஆண்கள், மணல்மேட்டின் சரிவில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். கை வேலை செய்யும்போது காதுக்கும் ஏதாவது வேண்டுமல்லவா? யாராவது ஒருவர், "கோதண்டம், அந்தச் சீமைமலைக் கதைய எடுத்து வுடுப்பா" என்பார். அதற்காகவே காத்திருந்தவன் போல அவன் தொடங்கிவிடுவான்.

கோதண்டம் முன்பு துறைமுகத்தில் ஹார்கர் என்ற துரைக்குப் படகு ஓட்டியவன். பெரிய யுத்தம் முடிந்த மறு வருஷம் துரை படகிலிருந்து வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். சொந்த ஊருக்குப் போய்ப் படுத்திருக்கச் சொன்னார் டாக்டர். எழுந்தால் பிடிக்க, உட்கார்ந்தால் தாங்க ஓர் ஆள் வேண்டுமே என்று கோதண்டத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்.

துரையின் ஊர், இங்கிலாந்தின் வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் இருந்தது. ஊரின் முதுகுக்குப் பின்னால் ஒரு குன்று. அதில் மரம் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. முழங்கால் உயரப் புதர்தான். ஆவணி பிறந்தால் அத்தனையும் ஊதாப் பூவாகிவிடும். ஈரப் பஞ்சு போல அமுங்கும் கறுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து அங்கே அடுப்பு எரித்தார்கள். உச்சியில், எந்தக் காலத்து மனிதர்களோ தங்கள் செத்தவர்களைப் புதைத்து எழுப்பிய கற்குவியல்கள் இருந்தன. எப்போதும் காற்று. காற்று நின்றால் மூடுபனி.

அந்தக் குன்றின் மேல் ஒரு பாதை போயிற்று. ஊருக்குள் மாதா கோயிலும் இல்லை, கல்லறையும் இல்லை. இரண்டும் குன்றுக்கு அந்தப் பக்கம். யார் செத்தாலும் பெட்டியைத் தோளில் சுமந்து உச்சியைக் கடந்துதான் போக வேண்டும். சுமப்பவர்கள் இளைப்பாறப் பாதை ஓரத்தில் ஒரு தட்டைக் கல். பண்ணை முதலாளியின் பெட்டியானாலும் ஆடு மேய்த்தவன் பெட்டியானாலும் அந்த ஒரே கல்லில்தான் இறக்கி வைப்பார்கள். ஒரு காலத்தில் பண்ணை முதலாளி, பறவை வேட்டைக்கு இடைஞ்சல் என்று பாதைக்குக் குறுக்கே வேலி போட்டாராம். ஊரார் கூடிப் போய் அதைப் பிடுங்கி எறிந்தார்களாம். பிணம் போன பாதையை எவனும் அடைக்க முடியாது என்பது அவர்கள் வழக்கம்.

கோதண்டம் அங்கே இருந்தபோது துரையின் தாயார் காலமானார். ஊரில் பாதி வாலிபர்களை யுத்தம் கொண்டுபோயிருந்தது. மிச்சத்தில் சிலரை விஷக்காய்ச்சல் கொண்டுபோனது. பெட்டி தூக்க ஆள் குறைந்தது. மகன் தோள் கொடுக்க வேண்டிய இடம், மகனுக்கோ கால் ஒடிந்திருந்தது. துரை கோதண்டத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "என் அம்மா. நீ தூக்கு. என் இடம்" என்றார்.

"தூக்கினேன்பா" என்பான் கோதண்டம். "மூஞ்சில மழ அடிக்குது. காலு சேத்துல பொதையுது. மேல போய் அந்தக் கல்லுல எறக்கி வெச்சோம். பக்கத்துல நின்ன பெரிசு ஒண்ணு தன் கம்பளித் துண்ட எடுத்து என் கய்த்துல சுத்திச்சு. எண்ணூரு கோதண்டம் தோள்ல ஒரு தொரையோட அம்மா போயிருக்கா, தெரியுமில்ல?"

எல்லாரும் வாய் பிளப்பார்கள். இதே துரை துறைமுகத்தில் அவனை எதிரில் உட்காரவிட்டதில்லை. அன்று அடக்கம் முடிந்து சாப்பிடும்போதும் அவனுக்குச் சமையற்கட்டு வாசலில்தான் தட்டு வைத்தார்கள். இதையெல்லாம் கோதண்டம் கதையில் சேர்ப்பதில்லை. ஆனால் அந்தப் பாதையில் நடந்தபோது அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது உண்மை.

அவன் உட்கார்ந்து கதை சொல்லும் மணல்மேட்டின் மேலும் ஒரு பாதை போயிற்று. அதுவும் இடுகாட்டுக்குத்தான். குப்பத்தார் தங்கள் பிணங்களை அந்த வழியாகக் கொண்டுபோனார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் சேரி ஜனங்களுக்கு மட்டும் அது இல்லை. அவர்களுடைய பாடை கழியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். யார் வைத்த சட்டம் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

ஒரு வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. கழி இரு கரையும் புரண்டு, கடலை நோக்கிச் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உப்பளத்து அப்பாவுவின் மனைவி பூவம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். தண்ணீர் வடியட்டும் என்று பார்த்தார்கள். வடியவில்லை. இனியும் வைத்திருக்க முடியாது என்ற நிலை வந்ததும் அப்பாவுவும் இன்னும் மூன்று பேரும் பாடையைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டின் அடிவாரத்துக்கு வந்து நின்றார்கள். பறை இல்லை, சங்கு இல்லை. மழைச் சத்தம் மட்டும்.

செய்தி பரவிக் குப்பத்து ஆண்கள் மேட்டின் மேல் கூடிவிட்டார்கள். சிலர் கையில் துடுப்பு இருந்தது. நடுவில் குப்பத்து நாட்டாண்மை வேலப்பன். கோதண்டத்தின் மனைவி மலர்க்கொடிக்கு அவர் தாய்மாமன்.

"கோதண்டம், நீ நாலு ஊரு பாத்தவன். பதமா எடுத்துச் சொல்லி அனுப்பு" என்றார் வேலப்பன்.

கோதண்டம் நாலடி முன்னால் வந்தான். "அப்பாவு, இன்னாய்யா இது? பழக்கம் இல்லாத பாதைல வந்து நிக்கிற? தண்ணி வடியறவரைக்கும் பொறுத்துக்க."

அப்பாவு தலை நிமிரவில்லை. "பொறுத்துப் பாத்துட்டேன் நைனா. கழில எறங்கினா பொணத்தோட நாங்களும் போயிடுவோம். ஒரே ஒரு தபா வுடுங்க. ஓரமா போயிடறோம்."

"ஒரு தபா வுட்டா அதுவே வழக்கமா பூடும். வேணாம்பா."

அப்போது திருவொற்றியூர்ச் சந்தையில் மீன் விற்ற பெண்கள் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். மலர்க்கொடி கூடையைத் தலையிலிருந்து இறக்கினாள். பாடையில் இருப்பது யார் என்று கேட்டாள். பூவம்மா என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. சந்தையில் இவள் கருவாடும் அவள் உப்புமாக, அடுத்தடுத்து உட்கார்ந்த வருஷங்கள் எத்தனையோ. மலர்க்கொடி நேரே புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னா சொல்லிகினு கீற அவங்களாண்ட?"

"பொம்பளைங்களுக்கு இங்க வேல இல்ல. வூட்டுக்குப் போ."

"போறேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அந்த ஊர்ல கெயவி பொட்டியத் தூக்கினேன், தூக்கினேன்னு ஊரெல்லாம் சொல்றியே. அந்தப் பாதைல எவனாவது உன்ன நிறுத்தி, நீ இன்னா ஜாதின்னு கேட்டானா?"

கோதண்டம் ஓரடி பின்வாங்கினான்.

"கேக்கல இல்ல? பூவம்மா அள்ளின உப்புதான் நம்ம வூட்டுக் கருவாட்டுல கீது. அத்தத் துன்னுட்டு, அவ போறதுக்குப் பாத இல்லன்னு சொல்ல வந்துட்டியே!"

"அது வெள்ளக்காரன் ஊரு, இது நம்ம ஊரும்மா" என்றார் வேலப்பன்.

அவள் கூடையை எடுத்துக்கொண்டு போகவில்லை. மழையில் அப்படியே நின்றாள்.

கோதண்டம் பாடையைப் பார்த்தான். பின்னால் சுமந்தவன் ஒல்லியான கிழவன். அவன் கால் மணலில் வழுக்கி வழுக்கி நின்றது. சுமை அழுத்தும் தோள் எப்படி வலிக்கும் என்று கோதண்டத்துக்குத் தெரியும். அன்று சீமையில் தன் தோளில் இருந்தது துரையின் அம்மா என்றுதான் இத்தனை காலம் பெருமைப்பட்டான். யாரோ ஒரு மனுஷியின் கடைசிப் பயணத்துக்கு வழி கிடைத்தது என்பதை அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அன்னியனான தன்னை நம்பி ஒரு மகன் தன் இடத்தைக் கொடுத்தான். தன் ஊரில், தன் கண்ணெதிரே, கட்டிய புருஷன் பிணத்தோடு கெஞ்சிக்கொண்டு நிற்கிறான். வெட்கம் அவன் உடம்பெல்லாம் சுட்டது.

அவன் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினான். "டேய், எங்கடா போற?" என்று மேலேயிருந்து குரல்கள் வந்தன. அவன் நேரே போய் அந்தக் கிழவனை நகர்த்திவிட்டுப் பாடைக்குத் தோள் கொடுத்தான்.

அப்பாவு பதறிப்போனான். "வேணாம் நைனா. உன்னைத் தள்ளி வெச்சிருவாங்க."

"வெக்கட்டும். நீ நட."

பாடை மேடேறியது. உச்சியில் வேலப்பன் பாதையை அடைத்து நின்றார். கையில் துடுப்பு. கோதண்டம் அவர் முகத்துக்கு எதிரே போய் நின்றான். மூச்சு வாங்கியது.

"தள்ளு மாமு. சொம கனக்குது."

அவன் சொன்னது அவ்வளவுதான். வலை இழுக்கும்போதும் படகு தள்ளும்போதும் தினமும் கேட்கிற வார்த்தை. வேலப்பனின் கால்கள், அவருடைய மனசைக் கேட்காமலே, ஓரடி விலகிவிட்டன. பாடை அந்த இடைவெளியில் நுழைந்து மறுபக்கம் இறங்கியது. மலர்க்கொடி பின்னாலேயே நடந்தாள்.

குப்பம் அதைச் சும்மா விடவில்லை. ஊர்க்கூட்டம் போட்டு, கோதண்டத்துக்கு ஊர் வலையில் பங்கு இல்லை என்றார்கள். மேட்டுச் சரிவில் அவனை யாரும் கதை கேட்கவில்லை. அவன் ராயபுரம்வரை நடந்து போய்ப் படகுகளில் கூலிக்கு நின்றான். மலர்க்கொடி சந்தைக்குத் தனியாகப் போய் வந்தாள். ஒருநாள் அவள், "என்னாலதானே உனக்கு இந்தப் பேஜாரு?" என்று கேட்டாள். "உன்னாலதான் நான் மனுசனானேன்" என்றான் அவன்.

அடுத்த மழைக்காலத்தில் உப்பளத்தில் இன்னொரு சாவு விழுந்தது. பாடை மேட்டடிக்கு வந்ததும் வாலிபர்கள் சிலர் துடுப்பை எடுத்துக்கொண்டு வேலப்பன் வீட்டுக்கு ஓடினார்கள். "சொல்லு மாமு, போய் மறிக்கலாமா?"

அந்த வருஷத்தில் வேலப்பன் மனசுக்குள் என்னென்னவோ நடந்திருந்தது. எழுந்து வெளியே வந்தார். மழைக்கு நடுவே மேடேறி வரும் பாடையைப் பார்த்துக் கை கூப்பினார்.

"மறிக்காதீங்கடா. போன தபா அந்தப் பொணத்த மறிக்கப் போனேனே, அன்னைலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. செத்தவளுக்கு ஒரு கொறையும் வரல; அவ போய்ச் சேந்துட்டா. மறிச்ச நான்தான் மனுசங்க கணக்குலேருந்து கீழ எறங்கிட்டேன். பொணத்துக்கு ஜாதி பாக்கறவன் உசிரோட கீறப்பவே செத்தவன்டா. போய் கோதண்டத்தக் கூட்டிகினு வாங்க. நானும் ஒரு பக்கம் தோள் குடுக்கறேன்."