இறுக்கிப் பிடிக்காத டேப்

என் வீட்டுக்காரர் தையல்காரர். ஆளைப் பார்த்தே இடுப்பளவு சொல்லிவிடுவார். அதனால்தான் மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன பிறகு என் கையை அளக்கும் வேலையை அவரிடம் விட்டேன். அக்குளிலிருந்து நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்ததால் வலது கை வீங்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். வாரம் ஒருமுறை இரண்டு கைகளையும் அளந்தால் போதும். நானோ காலையில், சாப்பிட்ட பின், குளித்த பின் என்று அவரைப் படுத்தி எடுத்தேன். நான் பஸ் ஓட்டுகிறவள். வீக்கம் இருந்தால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் கறாராகச் சொல்லிவிட்டாள்.

வலது கைதான் ஒவ்வொரு தடவையும் அளவில் கூடுதலாக வந்தது. மோதிரத்தைத் திருகிப் பார்ப்பேன், சட்டைக் கையை இழுத்துப் பார்ப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே, கண்ணாடியில் பார்த்தால் கை தூண் மாதிரி தெரிந்தது. டிப்போவிலிருந்து போன் வந்தால் எடுக்கவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கொஞ்சம் சும்மா இரேன் என்றார் வீட்டுக்காரர். சும்மா இருக்கத் தெரிந்தவளா நான்? வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கட்டிலில் இடம் மாற்றிக்கொண்டு என் இடப்பக்கம் படுப்பதும் அந்த எரிச்சலில் சேர்ந்துகொண்டது.

பரிசோதனைக்குப் போன அன்று பிசியோதெரபிஸ்ட் அளந்தாள். இரண்டு கையும் கிட்டத்தட்ட சமம், வேலைக்குப் போகலாம் என்றாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்படியானால் வீட்டில் எதை அளந்தோம்? அவளும் குழம்பிப்போய், கூட வந்திருந்த அவரையே என் கைகளை அளந்து காட்டச் சொன்னாள்.

இடது கையில் டேப்பைச் சுற்றி ஒட்டிப் பிடித்தார். வலது கைக்கு வந்ததும் டேப் தோலில் படாமல் தொங்கியது. அவர் விரல்கூட என்மேல் படவில்லை. பிசியோதெரபிஸ்ட் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட வெளியே போனாள்.

"ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற ஆளு, எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

அவர் தரையைப் பார்த்தார். "வலிச்சிடுமோன்னு பயம்."

"ஆபரேஷன் ஆனதிலேர்ந்து இந்தப் பக்கம் நீங்க தொடவே இல்ல. அருவருப்புன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்."

இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் அழுகை முட்டியது. அங்கே அழுவதற்கு மனசில்லாமல் கையை நீட்டினேன்.

"அளங்க. ஒழுங்கா இறுக்கிப் பிடிங்க."

பிடித்தார். விரல்கள் சில்லென்று இருந்தன. அளவு சரியாகவே வந்தது. இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன்.