முக்குளிப்பானின் கால்

பனி உருகி ஏரி திறந்ததும் கொண்டை முக்குளிப்பான்கள் ஜோடியாக வந்தன. அலகில் பாசியைக் கவ்விக்கொண்டு, எதிரெதிரே தண்ணீர்மேல் எழுந்து நின்று ஆடும். அதைப் பார்க்க அல்மாட்டி நகரத்திலிருந்து ஆட்கள் காசு கொடுத்து எங்கள் படகில் வருவார்கள். போன தடவை பறவையே தென்படவில்லை என்று திட்டிவிட்டுப் போனார்கள். அதனால், மீன் வலையில் உயிரோடு சிக்கிய பெட்டையை அண்ணன் ஒராஸ்பெக் விடவில்லை. தூண்டில் நரம்பால் அதன் காலை நாணலில் கட்டினான்.

"விட்டுடுண்ணே," என்றேன்.

"அவங்க போகட்டும். நீ வாயை மூடிட்டுத் துடுப்பு போடு."

வந்தவர்கள் படகில் பொரித்த மீன் தின்றுகொண்டே படம் எடுத்தார்கள்.

"எவ்ளோ பக்கத்துல! பயமே இல்லையே!" என்றாள் தொப்பி போட்ட ஓர் அக்கா.

வெளியாட்களிடம் பேசியே பழகாத நான் சொல்லிவிட்டேன். "அது கால்ல நரம்பு கட்டியிருக்குக்கா."

அண்ணன் சிரித்தான். "றெக்கை ஒடிஞ்சதுக்கா. நரி தூக்கிடும்னு இவதான் கட்டிவெச்சு மீன் போடுறா. படிப்புதான் ஏறல, மனசு தங்கம்."

அக்கா என் கன்னத்தைத் தட்டி, கையில் சாக்லேட் வைத்தாள்.

"அப்படியில்லக்கா..."

"அய்யோ, வெக்கத்தைப் பாரேன்!" எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் போனதும் கத்தியோடு நாணலுக்குத் திரும்பினேன். நரம்பு நாணலில் சுற்றிக்கொண்டு, பெட்டை தலை மூழ்கிச் செத்துக் கிடந்தது. ஆண் அதன் எதிரே பாசியைக் கவ்வியபடி எழுந்து எழுந்து நின்றது.

கரையில் அண்ணனிடம் சொன்னேன்.

"செத்துருச்சா? ஆணு அங்கயேதான நிக்குது? வலையை எடு. நாளைக்கும் ஆளு வருது."