அக்காவிடம் கேட்க மூன்று தோட்டா

எங்கள் ஊரில் மன்னிப்பு கேட்க வேண்டுமானால் கைத்துப்பாக்கி வேண்டும். வெறும் வாயால் கேட்டால் செல்லாது. தப்பு செய்தவன் சம்பந்தப்பட்டவரின் வாசலில் நின்று, கையைத் தூக்கி, வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். ஒரு தப்புக்கு ஒரு தோட்டா. தோட்டாவுக்குள் சொல்லி அடைத்த தப்பு, சொன்னவர் குரலிலேயே தெரு முழுக்கக் கேட்கும். சம்பந்தப்பட்டவர் "சரி" என்று சொன்னால்தான் அடுத்தது சுட வரும். எல்லாத் தப்பும் தீரும்வரை தூக்கிய கை இறங்காது. தபால் நிலையத்துக்கு எதிரே ஒருவர் பதினோரு வருடமாகக் கையைத் தூக்கியபடி நிற்கிறார். "சரி" சொல்ல வேண்டியவர் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கேயோ போய்விட்டார். போகிற வருகிறவர்கள் அவர் சட்டைப்பையில் பீடிக்கட்டு வைத்துவிட்டுப் போவார்கள்.

நான் ஐம்பத்திரண்டு வயதுவரை துப்பாக்கி வாங்காமலே காலத்தை ஓட்டினேன். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். "நமக்கெதுக்குங்க அதெல்லாம், நான் உண்டு என் வேலை உண்டுன்னு இருக்கிறவன்" என்பேன். அப்படிச் சொன்ன வாயில் நாலு போட்டிருக்க வேண்டும். யாரும் போடவில்லை.

இப்போது வாங்கக் கிளம்பியதற்குக் காரணம் அக்காவின் காது. என் கூடப் பிறந்தவள், சீனியம்மாள். முப்பது வருடம் நூல் மில்லில் வேலை பார்த்தாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், அந்த இரைச்சலில்தான் அவள் காது போனது. புரட்டாசியில் காது டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு பெரிய சத்தம் பாக்கி இருக்கு. அதோட சரி. பாத்துச் செலவு பண்ணுங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். பஸ் ஹாரனில் ஒன்று வீணாகிவிடக் கூடாதென்று அக்கா அங்கேயே இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டாள்.

நாலில் ஒன்றைத் தீபாவளிக்கு ஒதுக்கிவிட்டாள். சின்ன வயதிலிருந்தே ஒரு அணுகுண்டாவது வெடித்துக் கேட்டால்தான் அவளுக்குத் தீபாவளி. மிச்சம் மூன்று. நான் அவளிடம் கேட்க வேண்டியதும் மூன்று. தீபாவளி நெருங்கிவிட்டால் தெருவில் வெடிக்கிற வெடி அத்தனையையும் தின்றுவிடும். அதற்குள் கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்டால் அவள் கேட்காமலே போய்விடுவாள்.

தீபாவளித் துணிக்கு எடுத்து வைத்திருந்த எட்டாயிரத்தை என் மனைவி தேன்மொழி எடுத்துக் கொடுத்தாள். அந்த மூன்று தப்பும் நடந்தபோது அவளும் பக்கத்தில்தான் நின்றாள்.

கடைத்தெருவில் கூடலிங்கம் கடை ஒன்றுதான். ஒரு பக்கம் எவர்சில்வர் பாத்திரம், மறுபக்கம் துப்பாக்கி. பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவதுபோல் துப்பாக்கியிலும் வெட்டித் தருவார். நான் போனபோது ஒரு புதுமாப்பிள்ளை பெண்டாட்டியோடு நின்று, வெள்ளிப் பூண் போட்ட ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனாரிடம் கேட்பதற்காம். அவர்கள் திரும்பிப் பார்த்ததும் நான் இட்லிச் சட்டி வாங்க வந்தவன்போல் பாத்திரப் பக்கம் ஒதுங்கி ஒரு மூடியைத் தட்டிப் பார்த்தேன். கூடலிங்கம் விடவில்லை.

"சார், துப்பாக்கிதானே? இங்கிட்டு வாங்க. யாருக்கு?"

"அக்காவுக்கு."

"கூடப் பிறந்தவங்களா, ஒண்ணுவிட்டவங்களா?"

"கூடப் பிறந்தவங்க."

"எத்தனை?"

"மூணு."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். "முதல்ல எல்லாரும் மூணுன்னுதான் சொல்றாங்க" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். ரிவால்வர் மலிவுதான், ஆனால் அதில் உருளை சுற்றிச் சுற்றிப் பழைய ஓட்டைக்கே திரும்பி வரும். பார்க்கிறவர்கள், இவன் மறுபடியும் இதையேதான் செய்வான் என்பார்கள். விரலை எடுக்காமல் அழுத்தினால் சடசடவென்று கொட்டுகிற பெரிய ரகமும் உண்டு. அது கம்பெனிக்காரர்களும் மேடை போட்டுப் பேசுகிறவர்களும் வாங்குவது, ஒருவரும் நம்புவதில்லை. குடும்பத்துக்கு ஏற்றது செமி ஆட்டோமேட்டிக். அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு தப்புக்கும் விரலைத் தனித்தனியாக அழுத்தித்தான் ஆக வேண்டும்.

"கைக்கு அடங்கணும் சார். ரொம்பச் சின்னதா எடுத்தா உதறும், பாதி மன்னிப்பு பக்கத்து வீட்டுக்குப் போயிரும். பட்ஜெட் என்ன?"

சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். மாப்பிள்ளையின் பெண்டாட்டிக்குக் கேட்டுவிட்டது. அவள் புருஷனைப் பார்த்தாள், அவன் தன் வெள்ளிப் பூணைப் பார்த்தான்.

"புதுசு அந்த விலைக்கு வராது" என்று கூடலிங்கம் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். "மொத்தப் பணத்தையும் துப்பாக்கியிலயே போட்டுட்டுத் தோட்டா வாங்கக் காசில்லாம நிக்கிறவங்க நிறைய. ஒரு பழசு இருக்கு. பாருங்க."

துணியைப் பிரித்தார். கறுப்பாக, அடக்கமாக இருந்தது. கீறல் இல்லை. பெயரும் வெட்டவில்லை.

"ஒரு அம்மா வச்சிருந்தது. ஒரு தடவைகூடச் சுடல. யார் வீட்டுக்கோ போயிருக்காங்க, அங்க கூட்டமா இருந்துச்சாம், திரும்பிட்டாங்க. அடுத்த வாரமே கொண்டாந்து, கொடுக்கிறதைக் கொடுங்கன்னு வச்சிட்டுப் போயிட்டாங்க."

பிடியில் செருகுகிற தோட்டாக்கூட்டை உருவிக் காட்டினார். காலி. நான் தலையாட்டினேன். குழலுக்குள்ளும் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குச் சில்லறை எடுக்கும் அவசரத்தில் விட்டுவிட்டார்.

அடுத்து மூன்று காலித் தோட்டாக்களை மேசையில் வைத்தார். ஒவ்வொன்றையும் உதட்டருகே வைத்துத் தப்பைச் சொல்ல வேண்டும், அவர் உடனே மூடியை அழுத்துவார். நான் முதல் தோட்டாவை எடுத்து, தொண்டையைக் கனைத்து, "சூழ்நிலை காரணமாகச் சில வார்த்தைகள் வந்துவிட்டன" என்றேன்.

கூடலிங்கம் அதைப் பிடுங்கித் தட்டிக் கீழே கொட்டினார். "இது வெடிக்காது சார், புஸ்ஸுனு போயிரும். என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளையும் பெண்டாட்டியும் போகாமல் நின்றார்கள். நான் சொன்னேன்.

என் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு அக்கா விடியற்காலையிலேயே வந்தாள். மயில்கழுத்து நிறத்தில் ஒரு சுங்குடிச் சேலை. கரை நைந்து, முழங்கால் பக்கம் வேறு நூலில் தைத்திருந்தது. எங்கள் ஆபீஸ் மேனேஜர் அவளைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார். "சமையலுக்கு வந்தவங்க சார்" என்றேன். அது முதல் தோட்டா.

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. அப்போது காது நன்றாக இருந்தது. அவள் அடுப்பங்கரைக்குப் போய், முந்தானையைச் செருகிக்கொண்டு, என் பொய் பொய்யாகிவிடாமல் இருநூறு பேருக்கு ரசம் வைத்தாள். குடும்பப் போட்டோ எடுத்தபோது நான் அவளைக் கூப்பிடவில்லை. அது இரண்டாவது.

சாயங்காலம் சமையல்காரர்களுக்கு வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் கொடுத்தேன். மேனேஜர் இன்னும் போகவில்லை. அக்கா வரிசையில் கடைசியாக நின்றாள். அவளுக்கும் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "மகராசனா இருங்க" என்றாள். என்னை "இருங்க" என்றாள். அது மூன்றாவது.

மாப்பிள்ளையின் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூடலிங்கம் மூடியை அழுத்தி, மூன்றையும் கூட்டில் போட்டு, கூட்டைத் துப்பாக்கியில் செருகித் தந்தார். "சுடறதுக்கு முன்னாடி மேல் பகுதிய ஒரு தடவை பின்னால இழுத்து விடுங்க. அப்பத்தான் முதல் தோட்டா ஏறும்" என்றார். பழகிப் பார்ப்பதற்குத் தனித் தோட்டா உண்டு. அதற்குக் காசு போதவில்லை. வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெறும் கையைத் தூக்கிப் பழகினேன்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் காலையில் போனேன். அக்கா மில் குடியிருப்பில் இருக்கிறாள். வாசல் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை உதறிவிட்டு எழுந்து இரண்டு காதுப் பஞ்சையும் எடுத்தாள்.

"எத்தனைடா?"

"மூணுக்கா."

"அப்ப தீபாவளிக்கு ஒண்ணு இருக்கு" என்றாள்.

அக்கம்பக்கத்தார் வெளியே வந்துவிட்டார்கள். பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷோடு வந்தார்கள். கையைத் தூக்கினேன். மேல் பகுதியை இழுத்துவிட மறந்துவிட்டேன். முதல் தோட்டா ஏறாததால் அது சுட்டிருக்கக் கூடாது. ஆனால் அழுத்தியதும் சுட்டது.

வானத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, உன் வீட்டு விசேஷத்துக்கு நான் அந்தச் சேலையில வந்திருக்கக் கூடாது. நாலு பேரு முன்னாடி உனக்குத் தலைகுனிவாப் போச்சு. மன்னிச்சுக்கடா."

குடியிருப்பு முழுக்கக் கேட்டது. கடைசி வீடுவரை கேட்டிருக்கும்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "கடையில அப்பவே கொடுத்துட்டேன்டா. உள்ள ஒண்ணு கிடக்கும்னு தெரியாது" என்றாள். "உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உன் ஆபீஸ்காரங்க செருப்பு நிறையக் கிடந்துச்சு. திரும்பிட்டேன்."

நான் மறுபடியும் அழுத்தினேன். விசை அசையவில்லை.

"சரி சொல்லுங்க சார்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், வாய் நிறைய நுரையோடு. "அவங்க கேட்டதுக்கு நீங்க சரி சொன்னாத்தானே அடுத்தது வரும்?"

"இல்லக்கா, உன் மேல ஒரு தப்பும் இல்லக்கா" என்றேன். விசை அசையவில்லை. "நான்தான்க்கா" என்றேன். அசையவில்லை. தெருவே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. சரி என்றால் அந்தச் சேலை தப்பு என்றாகிவிடும். சொல்லாவிட்டால் என்னுடைய மூன்றும் உள்ளேயே கிடக்கும்.

"சொல்லித் தொலைடா, மழை வரப் போகுது" என்றாள் அக்கா.

"சரி" என்றேன்.

சொல்லும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. அன்று மேனேஜரிடம் சொன்னபோதுகூட இவ்வளவு வெட்கப்படவில்லை. துப்பாக்கி வெடித்த தோட்டாவின் உறையை வெளியே துப்பிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொண்டது.

முதலாவதைச் சுட்டேன். "சரி" என்றாள். இரண்டாவதைச் சுட்டேன். "சரி" என்றாள், கொஞ்சம் சத்தமாக. மூன்றாவதைச் சுட்டபோது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "சரிடா, சரி!" என்று கத்தினாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

துப்பாக்கி காலியாகித் திறந்து நின்றது. கையை இறக்கப் பார்த்தேன். இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, என் கையையும் துப்பாக்கியையும் பார்த்தார். "இன்னும் ஒண்ணு இருக்குல்ல சார். இப்பச் சொன்னீங்களே, சரின்னு. அது" என்றார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். பிறகு மழைக்கு முன் ஆக வேண்டிய வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

"அக்கா, நாலாவது ஒண்ணு இருக்குக்கா" என்றேன்.

"என்னது?"

"நாலாவது, அக்கா! அடுத்த மாசம் தோட்டா வாங்கிருவேன்!"

அவள் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கையிலிருந்த பஞ்சைச் சாக்கடையில் போட்டாள். உள்ளே போய் ஒரு கொடிக்கயிறு எடுத்து வந்தாள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். நன்றாக நின்றது.

வாளியிலிருந்து ஒரு துண்டைப் போட்டாள், இரண்டு பாவாடை போட்டாள். கடைசியாக அந்த மயில்கழுத்துச் சேலையை எடுத்து, பிழிந்து, உதறி, தைத்த இடம் வெளியே தெரியும்படி என் பக்கமாகப் போட்டாள். தண்ணீர் என் தோளில் சொட்டியது.

"கையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிடா" என்று கத்தினாள். "தரையில படுது."

தூக்கிப் பிடித்தேன். ஐப்பசியில் சுங்குடி காய மூன்று நாளாவது ஆகும்.